ஏற்றுமதி கவுன்சில், ஃபியோ, ஊர்ச் சங்கம்: மூன்றுக்கும் சந்தா கட்ட வேண்டுமா? எது எதற்கு உதவும்?

புதுநூல்:
வணக்கம். குழந்தைகள் பனியன் ஆடை தைக்கும் யூனிட். இதுவரை எங்களிடம் வாங்கித் தன் பெயரில் அனுப்பும் மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டர் வழியாகத்தான் சரக்கு போனது. இப்போது ஐஇசி எனும் ஏற்றுமதி-இறக்குமதி எண் எடுத்தாகிவிட்டது. துபாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நேரடியாக இன்வாய்ஸ் போட வேண்டும். ஏஇபிசி, ஃபியோ, திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் மூன்றிலும் சேரச் சொல்கிறார்கள். மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா? "சங்கம் நமக்காக டெல்லியில் பேசும்" என்கிறார்களே, அது நடைமுறையில் எப்படி நடக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

வெட்டுமேசை:
மூன்றும் மூன்று வேலை.

ஏஇபிசி என்பது ஆயத்த ஆடைக்கான ஏற்றுமதி மேம்பாட்டு கவுன்சில். 1978-ல் தொடங்கியது. ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஒரு கவுன்சிலோ வாரியமோ உண்டு: தோலுக்கு சென்னையிலுள்ள சிஎல்இ, கைத்தறிக்கு ஹெச்இபிசி, பொறியியல் பொருளுக்கு இஇபிசி, கடல் உணவுக்கு எம்பெடா, காய்கறி, பழம், தானியத்துக்கு அபெடா. ஆர்சிஎம்சி எனும் பதிவுச் சான்றிதழைத் தரும் அதிகாரம் இவற்றுக்கு உண்டு. ஃபியோ 1965-ல் வர்த்தக அமைச்சகம் முன்னின்று உருவாக்கியது. எல்லா கவுன்சில்களுக்கும் மேலே இருக்கும் கூட்டமைப்பு அது. திருப்பூர் சங்கம் 1990-ல் ஊர்க்காரர்களே தொடங்கியது. ஆர்சிஎம்சி தரும் வேலை அதற்கில்லை.

உங்கள் பிரதான பொருள் ஆடை. ஆகவே ஆர்சிஎம்சி ஏஇபிசி-யில்தான். எந்தக் கவுன்சிலுக்குள்ளும் வராத பொருள் என்றாலோ, பல பொருள் அனுப்பி எது பிரதானம் என்று இன்னும் முடிவாகாத நிலை என்றாலோ ஃபியோவில் எடுக்கலாம். இரண்டு இடத்திலும் ஆர்சிஎம்சி எடுப்பது வீண் செலவு.

விண்ணப்பம் டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில், ஐஇசி லாகின் வழியாக. பலருக்குத் திரும்பி வருவதற்குக் காரணம் ஒன்றுதான். ஐஇசி-யில் ஒரு முகவரி, ஜிஎஸ்டி-யில் வேறு முகவரி, தையல் நடக்கும் கட்டடம் இரண்டிலும் இல்லை. "மேனுஃபேக்சரர் எக்ஸ்போர்ட்டர்" என்று கேட்டால் தொழிற்சாலை முகவரி ஐஇசி-யின் கிளைப் பட்டியலில் இருக்க வேண்டும். முதலில் ஐஇசி-யைத் திருத்துங்கள், சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழிலும் அதே முகவரி இருக்கிறதா பாருங்கள், பிறகு ஆர்சிஎம்சி-க்குப் போங்கள்.

சான்றிதழின் ஆயுள் ஐந்து ஆண்டு. ஆனால் அது வாங்கிய நாளிலிருந்து எண்ணுவதில்லை. அந்த நிதியாண்டின் ஏப்ரல் 1-லிருந்து எண்ணுவார்கள். பிப்ரவரியில் எடுத்தால் பத்து மாதம் அப்போதே கழிந்துவிட்டது என்று பொருள். அவசரமில்லை என்றால் ஏப்ரல் வரை பொறுக்கலாம்.

புதுநூல்:
நன்றி சார். ஆர்சிஎம்சி இல்லாமல் சரக்கு அனுப்பவே முடியாதா?

வெட்டுமேசை:
அனுப்பலாம். ஐஇசி, ஜிஎஸ்டி, வங்கியின் ஏடி கோடு (அந்நியச் செலாவணி கையாளும் வங்கிக் கிளையின் எண்) போதும். டிராபேக்குக்கும் (மூலப்பொருளில் கட்டிய சுங்க வரியைத் திரும்பப் பெறுவது) ஆர்சிஎம்சி கேட்பதில்லை. மூலப்பொருளை வரியில்லாமல் இறக்க அட்வான்ஸ் ஆதரைசேஷன், மெஷினை அப்படி இறக்க இபிசிஜி, இவற்றுக்குப் போகும்போதுதான் கட்டாயமாகிறது. பட்டன், ஜிப், லேபிள் போன்றவற்றை வரியில்லாமல் இறக்குமதி செய்யவும் கவுன்சில் சான்று வேண்டும். முந்தைய நிதியாண்டில் அனுப்பிய ஆடையின் மதிப்பில் குறிப்பிட்ட சதவீதம் வரை இந்தச் சலுகை உண்டு. அந்த மதிப்பைச் சரிபார்த்துச் சான்று தருவது கவுன்சில்தான். மெர்ச்சன்ட் பெயரில் போன சரக்கு உங்கள் கணக்கில் வராது. எனவே முதல் ஆண்டு உங்களுக்கு இது கிடைக்காது. இரண்டாம் ஆண்டுக்குத் திட்டமிடுங்கள்.

துறைமுகச்சீட்டு:
துபாய், ஆஸ்திரேலியா என்று எழுதியிருக்கிறீர்கள். சங்கங்கள் தரும் சேவைகளில் அதிகக் குழப்பம் ஏற்படுவது இந்த இரண்டு ஊர்களுக்குப் போகும் சரக்கில்தான். மூலச் சான்றிதழைச் சொல்கிறேன்.

அதில் இரண்டு வகை. ஒன்று வெறுமனே "இது இந்தியச் சரக்கு" என்று சொல்வது. சேம்பர்களும் பல கவுன்சில்களும் அங்கீகாரம் பெற்ற சங்கங்களும் இதைத் தரலாம். 2025 ஜனவரி 1 முதல் இதையும் ஆன்லைனில்தான் பதிய வேண்டும். மற்றது வரிச்சலுகைக்கான சான்றிதழ். ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தம் 2022 மே 1-லும், ஆஸ்திரேலிய ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-லும் நடைமுறைக்கு வந்தன. இரண்டு நாட்டிலும் ஆடைக்கு வழக்கமான வரி 5 சதவீதம், ஒப்பந்தப்படி பூஜ்யம். இந்தப் பூஜ்யம் கிடைக்க இரண்டாவது வகைச் சான்றிதழ் வேண்டும். அதை இஐஏ (ஏற்றுமதி ஆய்வு முகமை), டெக்ஸ்டைல்ஸ் கமிட்டி போன்ற அரசு நியமித்த அமைப்புகள்தான் தரும்.

"சங்கத்தில் சர்டிஃபிகேட் வாங்கிவிட்டோம்" என்று முதல் வகையை அனுப்பிவிடுவார்கள். பையர் அங்கே 5 சதவீதம் கட்டுவார். பிறகு அதை உங்கள் பில்லில் கழிப்பார். துணி எங்கிருந்து வந்தது, இறக்குமதிப் பொருள் எவ்வளவு என்ற செலவுத் தாளை சரக்கு கட்டும் முன்பே தயாராக வைத்திருங்கள். கப்பல் போன பிறகு பின்தேதிச் சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது. ஆனால் அதற்குள் பையர் சரக்கை எடுத்து வரி கட்டியிருப்பார், அதைத் திரும்ப வாங்குவது அவருக்குப் பெரும்பாடு.

துறைமுகச்சீட்டு:
ஒன்று விட்டுப்போனது. சுங்கத்தில் சிக்கல் வந்தால் சங்கம் என்ன செய்யும் என்பது.

ஒவ்வொரு கஸ்டம்ஸ் கமிஷனரேட்டிலும் நிரந்தர வர்த்தக வசதிக் குழு என்று ஒன்று உண்டு. வர்த்தகச் சங்கங்கள் அதில் உறுப்பினர். ஒரு ஆளாகப் போய் முறையிட்டால் கவுன்டரில் நின்றுவிடும் விஷயம், அந்தக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் ஏறினால் எழுத்தில் பதில் வந்தாக வேண்டும்.

ஆனால் "ஏற்றுமதிக்குக் கட்டிய ஐஜிஎஸ்டி ரீஃபண்ட் வரவில்லை" என்று மட்டும் சங்கத்துக்கு எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் போய் எந்தப் பிழைக் குறி என்று பாருங்கள். எஸ்பி 005 என்றால் ஜிஎஸ்டி விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-ல் போட்ட இன்வாய்ஸ் எண்ணும் சுங்கத்தில் தாக்கல் செய்த ஷிப்பிங் பில்லில் உள்ள எண்ணும் ஒத்துவரவில்லை. ஒரு கோடு, ஒரு சாய்கோடு வித்தியாசம்கூடப் போதும். இது நம் தவறு. திருத்தமும் நம் கையில். எஸ்பி 003 என்றால் ஜிஎஸ்டி எண் முரண். எஸ்பி 002 என்றால் ஷிப்பிங் லைன் இஜிஎம் (கப்பலில் ஏறிய சரக்கின் பட்டியல்) தாக்கல் செய்யவில்லை. எஸ்பி 006 என்றால் உள்நாட்டு டிப்போவில் கிளியர் ஆகி, கடைசித் துறைமுகத்தின் இஜிஎம் வந்து இணையவில்லை. கோவைப் பக்கம் டிப்போவில் கிளியர் செய்து தூத்துக்குடியில் ஏற்றுபவர்களுக்கு இதுதான் தலைவலி. கடைசி இரண்டும் பல பேருக்கு ஒரே நேரத்தில் வரும். அப்போதுதான் சங்கத்தின் பலம் வேலை செய்கிறது. இருபது பேர் ஷிப்பிங் பில் எண், தேதி, கன்டெய்னர் எண், லைன் பெயர், குறி என்று ஒரே பட்டியலாகக் கொடுத்தால் குழுவில் ஒரே அமர்வில் எடுத்துவிடுவார்கள்.

ஆடிட்குறிப்பு:
"டெல்லியில் பேசும்" என்பது எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தார். என் பார்வையில் இந்த இழையின் மையக் கேள்வியே அதுதான்.

மனு கொடுப்பது, அமைச்சருடன் புகைப்படம், இவை வெளியே தெரிவது. உள்ளே நடப்பது எண்களின் வேலை. ஆடைக்கு 2019 மார்ச் 7 முதல் ஆர்ஓஎஸ்சிடிஎல் இருக்கிறது. டிராபேக்கிலும் ஜிஎஸ்டி-யிலும் திரும்பி வராத மாநில, மத்திய வரிகளைத் திருப்பித் தரும் திட்டம். பருத்தி ஆடைக்கு அதிகபட்சம் எஃப்ஓபி மதிப்பில் (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) 6.05 சதவீதம். இந்த விகிதம் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு ஆடைக்குள் எவ்வளவு மின்சார வரி, எவ்வளவு டீசல் வாட், பஞ்சுக்கட்டத்தில் எவ்வளவு வரி ஒளிந்திருக்கிறது என்று கவுன்சில்கள் உறுப்பினர்களிடம் வாங்கிக் கொடுக்கும் தரவை வைத்துத்தான் இத்தகைய விகிதங்களைக் கணக்கிடுகிறார்கள். டிராபேக்கும் அப்படியே.

ஜெனரேட்டர் டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மேயில் மாற்றிய கணக்குப்படி தமிழ்நாட்டில் டீசல் வாட் 11 சதவீதமும் அதன்மேல் லிட்டருக்கு 9.62 ரூபாயும். மாதம் 1,000 லிட்டர் எரித்தால் அந்த நிலையான பகுதி மட்டுமே 9,620 ரூபாய். அந்த மாதம் எத்தனை பீஸ் ஏற்றுமதிக்குப் போனது, எத்தனை உள்நாட்டுக்கு என்று பிரித்தால்தான் ஒரு பீஸுக்கு விழும் வரி தெரியும். மின்சாரத்துக்கும் இதே வழி.

படிவம் வந்தால் பெரும்பாலோர் செய்வது என்ன? உள்நாட்டு விற்பனையையும் ஏற்றுமதியையும் பிரிக்காமல் மொத்தமாக எழுதுவது. பில் இல்லாமல் உத்தேசமாகப் போடுவது. ஜாப் ஒர்க்கில் நடந்த நிட்டிங், டையிங், காம்பேக்டிங் செலவில் உள்ள வரியை விட்டுவிடுவது. அந்த யூனிட்காரரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. ஆடிட்டர் கையெழுத்து இல்லாமல் அனுப்புவது. இப்படி வந்த தாளைக் குழு ஒதுக்கிவிடும். மிஞ்சுவது நாலைந்து பெரிய நிறுவனங்களின் தரவு. அவர்களிடம் சொந்த நூற்பாலை, சொந்தக் காற்றாலை, சொந்த டையிங் இருக்கும். அவர்களுடைய வரிச்சுமை குறைவு. அந்தச் சராசரிதான் எல்லோருக்குமான விகிதமாகிறது. சின்ன யூனிட்டுகள் தரவு கொடுக்காததன் விலையைச் சின்ன யூனிட்டுகளே கட்டுகின்றன. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது.

புதுநூல்:
செலவுக் கணக்கை வெளியே கொடுத்தால் போட்டிக்காரர் கைக்குப் போகாதா? சங்கத்தில் இருப்பவர்களும் இதே தொழில் செய்பவர்கள்தானே?

ஆடிட்குறிப்பு:
நியாயமான பயம். தரவைச் சங்க நிர்வாகிக்கு அனுப்பாமல் செயலகத்துக்கு மட்டும் அனுப்புங்கள். பையர் பெயர், ஸ்டைல் எண், லாபம் எதுவும் அதற்குத் தேவையில்லை. கேட்டாலும் கொடுக்க வேண்டாம். வரி விவரம், அளவு, எஃப்ஓபி மதிப்பு, இவை போதும். தொகுத்த வடிவில் மட்டும் பயன்படுத்துவோம் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை:
ஆடிட்குறிப்பு சொல்வது சரி, ஆனால் முழுச் சித்திரம் இல்லை. எண் சரியாக இருந்தும் கேட்காமல் போகும் நேரம் உண்டு. காரணம், ஏற்றுமதியாளர் எல்லோருக்கும் ஒரே நலன் இல்லை.

2022-ஐ நினைத்துப் பாருங்கள். நூல் விலை ஏறிக்கொண்டே போனது. அந்த மே மாதம் திருப்பூரில் இரண்டு நாள் வேலைநிறுத்தம். ஆடைக்காரர்கள் பஞ்சு, நூல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கேட்டார்கள். நூற்பாலைகளுக்கு நூலும் ஓர் ஏற்றுமதிப் பொருள்; அவர்கள் சம்மதிப்பார்களா? இரு தரப்பும் சேர்ந்து கேட்க முடிந்தது பஞ்சு இறக்குமதி வரியை நீக்குங்கள் என்பதை. அதுதான் கிடைத்தது, 2022 ஏப்ரல் 14 முதல் செப்டம்பர் வரை, பிறகு அக்டோபர் வரை நீட்டிப்பு. சங்கிலியில் உள்ளவர்கள் முதலில் தங்களுக்குள் பேசி ஒத்துப்போகும் கோரிக்கையே டெல்லியில் நகர்கிறது. ஆளுக்கொரு மனு போனால் அமைச்சகம் இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கும்.

விடாமல் கேட்டதற்கும் உதாரணம் சொல்கிறேன். விஸ்கோஸ், பாலியஸ்டர் இழை, நூலுக்கு 2023-ல் தரக்கட்டுப்பாட்டு ஆணைகள் வந்தன. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) உரிமம் இல்லாத வெளிநாட்டு ஆலையிடம் வாங்க முடியாது என்ற நிலை. செயற்கை இழை ஆடை செய்பவர்களுக்கு மூலப்பொருள் தேர்வு சுருங்கியது. ஆடை, துணிச் சங்கங்கள் தொடர்ந்து எதிர்த்தன. 2025 நவம்பரில் அந்த ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது.

வெட்டுமேசை:
நொய்யல்கரை ஐயா, ஊர் ஆறே உங்கள் பெயரில் இருக்கிறது. ஊர்ச் சங்கம் செய்த பொதுக் கட்டுமானத்தையும் எழுதுங்கள். புதியவர்களுக்கு அது தெரிவதில்லை.

நொய்யல்கரை:
எழுத வேண்டியதுதான். ஊர்ச் சங்கத்துக்கும் டெல்லிக் கவுன்சிலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு அது. தண்ணீருக்கு லாரியை நம்பியிருந்த ஊர் இது. நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் தரும் புதிய திருப்பூர் குடிநீர்த் திட்டத்தில் சங்கமும் பங்குதாரர். ஈட்டிவீரம்பாளையத்தில் நேதாஜி ஆடைப் பூங்கா, ஆடை வடிவமைப்புக் கல்லூரி, இவை எல்லாம் சங்கத்தின் முன்னெடுப்பு.

மறுபக்கமும் உண்டு. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயம் கெட்டது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பிறகு கழிவுநீர் வெளியே விடாமல் மறுசுழற்சி செய்யும் முறை கட்டாயமாயிற்று. பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் தந்தது. சங்கங்கள் அந்தப் பிரச்சினையைப் பத்து ஆண்டு முன்பே தீர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. உறுப்பினருக்காக வாதாடுவது மட்டும் பிரதிநிதித்துவம் ஆகாது. உறுப்பினர் செய்யும் தவறை முதலில் உறுப்பினரிடம் சொல்வதும் அதில் சேரும்.

கொழும்பு_ஊசி:
வணக்கம். நம்மட பக்கத்து அமைப்பையும் சொல்லுறன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இலங்கையில் ஆடைத்துறைக்கு ஜாஃப் என்ற கூட்டு மன்றம் இருக்குது. ஐந்து சங்கங்கள் சேர்ந்தது: மூன்று ஏற்றுமதியாளர் சங்கங்கள், சுதந்திர வர்த்தக வலய உற்பத்தியாளர் சங்கம், கொள்வனவு அலுவலகங்களின் சங்கம். நொய்யல்கரை சொன்ன பிணக்கு மேசைக்கு வெளியே வராமல் இருக்க இந்த அமைப்பு உதவுது. அரசாங்கப் பக்கம் ஏற்றுமதி அபிவிருத்திச் சபை, 1979-ஆம் ஆண்டின் 40-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது.

அமெரிக்கத் தீர்வை 2025 ஏப்ரலில் எங்களுக்கு 44 வீதம் என்று அறிவிச்சாங்கள். ஜூலையில் 30, ஓகஸ்டில் 20 என்று இறங்கிச்சு. பேச்சு நடத்தினது அரசாங்கம். துறை எவ்வளவு பேருக்கு வேலை குடுக்குது, அமெரிக்காவுக்கு எவ்வளவு போகுது என்ற கணக்கைத் துறை கையில தயாரா வைச்சிருந்தது. ஆனால் ஐரோப்பிய வரிச்சலுகையான ஜீஎஸ்பி பிளஸ் 2010 ஓகஸ்டில் போனது மனித உரிமை விவகாரத்தில. 2017 மே மாதம்தான் திரும்பிக் கிடைச்சது. அந்த ஏழு வருசமும் எந்தச் சங்கத்தின்ட மனுவாலும் அதை மீட்க முடியேல்லை. சங்கத்தின்ட எல்லை அதுதான்.

துறைமுகச்சீட்டு:
அமெரிக்க வரி பற்றி வந்துவிட்டதால், நெருக்கடி நேரத்தில் சங்கச் சுற்றறிக்கையின் மதிப்பு என்ன என்பதைச் சொல்கிறேன். இந்தியச் சரக்குக்கு 2025 ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதம், ஆகஸ்ட் 27-ல் மேலும் 25. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 இருந்தது, கூட்டினால் 66.5. இரண்டாவது 25-க்கு ஒரு விலக்கு இருந்தது. 27-ஆம் தேதி அமெரிக்கக் கிழக்குக்கரை நேரம் நள்ளிரவு 12:01-க்கு முன் கப்பலில் ஏறியிருக்க வேண்டும், செப்டம்பர் 17 நள்ளிரவு 12:01-க்கு முன் அங்கே சுங்கப் பதிவும் முடிந்திருக்க வேண்டும். முதல் பாதியை மட்டும் படித்தவர்கள் 25, 26 தேதிகளில் இரவு பகலாகச் சரக்கை ஏற்றியதில் பயனில்லை. தூத்துக்குடியிலிருந்து அமெரிக்கா போய்ச் சேர ஒரு மாதம் ஆகும். முழு விதியையும் அன்றே தமிழில் விளக்கி அனுப்பும் சங்கத்துக்குச் சந்தா கட்டலாம்.

ஆடிட்குறிப்பு:
அதன்பின் வந்த நிவாரணங்களின் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரி ஆகஸ்ட் 19-ல் நீக்கம், முதலில் செப்டம்பர் 30 வரை, பிறகு டிசம்பர் 31 வரை. நவம்பர் 12-ல் மத்திய அமைச்சரவை 25,060 கோடி ரூபாய் ஏற்றுமதி மேம்பாட்டு இயக்கத்துக்கும், 20,000 கோடி வரை கூடுதல் கடன் உத்தரவாதத்துக்கும் ஒப்புதல் தந்தது. நவம்பர் 14-ல் ரிசர்வ் வங்கி, செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை செலுத்த வேண்டிய தவணைகளுக்கு அவகாசம் தர வங்கிகளை அனுமதித்தது. ஏற்றுமதிப் பணம் வந்து சேர வேண்டிய கெடு 9 மாதத்திலிருந்து 15 மாதமானது.

அடி விழுந்தது ஆகஸ்ட், மருந்து வந்தது நவம்பர். இடைப்பட்ட பதினோரு வாரத்தை யூனிட்டின் சொந்தக் கையிருப்பில்தான் தாண்ட வேண்டியிருந்தது. இதைவிட வேகமாக எந்தச் சங்கத்தாலும் வாங்கித் தர முடியும் என்று நான் நினைக்கவில்லை. அவகாசம் தானாகவும் கிடைக்கவில்லை. வங்கியிடம் எழுத்தில் கேட்க வேண்டியிருந்தது, ஆகஸ்ட் 31 அன்று கணக்கு ஒழுங்காக இருந்திருக்க வேண்டும்.

புதுநூல்:
பையர் பணம் தராமல் ஏமாற்றினால் சங்கம் வாங்கித் தருமா?

வெட்டுமேசை:
வாங்கித் தரும் அதிகாரம் எந்தச் சங்கத்துக்கும் இல்லை. கவுன்சில் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் வர்த்தகப் பிரிவுக்கு எழுதும். டிஜிஎஃப்டி-யில் தரப் புகார், வர்த்தகத் தகராறுக் குழுவும் இருக்கிறது. தொடர்ந்து தொழில் செய்ய நினைக்கும் பையர் தூதரகக் கடிதத்துக்கு மதிப்புக் கொடுப்பார். கடையை மூடிவிட்டுப் போனவருக்கு அது காகிதம்.

பணத்துக்குக் காப்பு இசிஜிசி (அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம்) பாலிசிதான். சரக்கு போகும் முன்பே அந்தப் பையர் பெயரில் கடன் வரம்பு வாங்கியிருக்க வேண்டும். கெடு தாண்டியதை உரிய காலத்தில் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். "அடுத்த மாதம் தருகிறேன்" என்று பையர் சொன்னதை நம்பி அறிவிக்காமல் விட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படும். பல ஊர்ச் சங்கங்களில் இசிஜிசி அதிகாரிகளை அழைத்து முகாம் நடத்துகிறார்கள். அப்படி ஒன்று வரும்போது உங்கள் ஆர்டர் ஒப்பந்தத்தை எடுத்துப் போய் நேரில் கேளுங்கள்.

புதுநூல்:
எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் இப்போது ஏஇபிசி ஆர்சிஎம்சி, ஊர்ச் சங்கம் இரண்டும். ஃபியோ பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

வெட்டுமேசை:
பார்த்துக்கொள்ளலாம். ஃபியோவின் அறிவிப்புகளும் பயிற்சிகளும் பலவற்றில் உறுப்பினர் அல்லாதவரும் கலந்துகொள்ளலாம். ஆடையோடு வேறு பொருளும் அனுப்பத் தொடங்கினால் யோசியுங்கள்.

சேர்ந்த பிறகு மூன்று தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். மார்ச் 31-க்குள் அடுத்த ஆண்டுக்கான எல்யூடி (ஐஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிக் கடிதம்). ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் ஐஇசி விவரத்தை டிஜிஎஃப்டி தளத்தில் உறுதிப்படுத்துவது, மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் செய்தாக வேண்டும். விட்டால் ஐஇசி முடங்கும், கட்டிய சரக்கு துறைமுகத்தில் நிற்கும். மூன்றாவது, கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டிய ஏற்றுமதி ரிட்டர்ன்.

ஆடிட்குறிப்பு:
நான்காவதும் ஒன்று. பட்ஜெட்டுக்கு முந்தைய கோரிக்கைகளைப் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் திரட்டுவார்கள். எச்எஸ் கோடு (பொருளின் சுங்க வகை எண்), இப்போதைய வரி, கேட்கும் வரி, காரணம், அரசுக்கு வருவாய் இழப்பு எவ்வளவு, இந்த ஐந்தும் உள்ள ஒரு பக்கத் தாள்தான் தொகுப்பில் ஏறும். குழந்தை ஆடையில் நீங்கள் இறக்குமதி செய்யும் ஸ்னாப் பட்டனுக்கு வரிச் சிக்கல் இருந்தால், செப்டம்பரிலேயே பில் நகலோடு செயலகத்தில் கொடுத்துவிடுங்கள்.